தோட்டத்தில் இரண்டு சப்நெட்: எந்த வழியால் இணைப்பது?

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அலுவலக ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சரிவில் தொழிற்சாலையின் தகரக் கூரை தெரியும். ஆனால் அலுவலகக் கணினியில் இருந்து தொழிற்சாலைக் கணினியைத் திறக்க முடியவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பதியப்படும் கிலோக் கணக்கு அன்றன்றைக்கே சம்பளப் பதிவுக்கு வந்து சேர வேண்டும். வலையமைப்பின் வழியாக அது வராததால், ஒருவர் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடைப் பாலத்தைக் கடந்து வருவதும், மற்றொருவர் அதை மறுபடியும் தட்டச்சு செய்வதுமாக மாதக்கணக்கில் வேலை நடந்தது. எழுதும்போது 17 என்பது 11 ஆகிவிட்டால், அந்த ஆறு கிலோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்து போய்விடுகிறது. அந்தப் பழுதைப் பார்க்கப் போனபோது எங்கள் முன் இருந்த தெரிவுகளையும், அவற்றை நாங்கள் எடைபோட்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். இதே சிக்கல் மலையகத்தின் பாடசாலைகளிலும், தனியார் கல்வி நிலையங்களிலும், விடுதிகளிலும் இருக்கிறது.

அமைப்பு எளிமையானது. அலுவலகத்தில் இணையச் சேவை வழங்குநர் பொருத்திவிட்டுப் போன ரவுட்டர், அதாவது ஒரு வலையில் இருந்து மற்றொரு வலைக்கு வழிகாட்டும் கருவி, இருக்கிறது. அதன் முகவரி 192.168.1.1, அதனுடன் இணைந்த கணினிகள் 192.168.1.0/24 என்ற சப்நெட்டில் உள்ளன, அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் சேர்ந்த ஒரே குழுவில். சாதாரண செப்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் செல்லாது என்பதால், ஓடைக்கு மேலாக 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு வயர்லெஸ் இணைப்புத் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே கடையில் வாங்கிய இரண்டாவது ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதன் வெளிப்பக்க முகவரி 192.168.1.50, உட்பக்க முகவரி 192.168.2.1. கொழுந்து நிறுக்கும் கணினியின் முகவரி 192.168.2.10, சம்பளக் கணக்கு உள்ள அலுவலகக் கணினியின் முகவரி 192.168.1.20. இந்த ஐந்து எண்களையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றவை எல்லாம் இவற்றைச் சுற்றியே நடக்கின்றன.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, "தம்பி, பனி இறங்கினா இந்த லைன் போயிடுது" என்றுதான் முதலில் சொன்னார். இந்தப் பக்கத்தில் எந்தப் பழுதுக்கும் பனியும் மழையும் இடியும் முதலில் பழி ஏற்கின்றன. வயர்லெஸ் இணைப்பின் இரு முனைகளிலும் உள்ள ஆன்டெனாத் தட்டுகளுக்கு இடையில் மரக்கிளை வளர்ந்து, இலை நனைந்து, இணைப்பு நலிவடைவது உண்மையில் நடக்கக்கூடியதே. ஆயினும் தொழிற்சாலைக் கணினியில் இருந்து 192.168.1.1 என்ற முகவரிக்கு நூறு பிங் (அங்கே இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைக் கேள்வி) அனுப்பியபோது நூறுக்கும் பதில் வந்தது. அந்தக் கணினியில் இணையமும் வேலை செய்தது. எனவே ஓடைக்கு மேலே இருந்த இணைப்பில் குறை இல்லை. தொழிற்சாலையில் இருந்து அலுவலகத்துக்குப் போக முடிந்தது, அலுவலகத்தில் இருந்து தொழிற்சாலைக்கு வர முடியவில்லை. ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் இந்த அறிகுறியைக் கண்டவுடன் கம்பியையும் வானிலையையும் விட்டுவிட்டு, ரவுட்டர்களுக்கு எந்த வழி தெரியும், எந்த வழி தெரியாது என்பதைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

பொதி எங்கே நிற்கிறது?

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன், பொதி, அதாவது கணினி அனுப்பும் தரவுத் துண்டு, எந்த இடத்தில் தொலைகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். அதை அறியாமல் புதிய ரவுட்டர் வாங்கியவர்களையும், வாங்கிய பிறகும் அதே பழுதோடு இருந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரு பக்கமும் ஒரே எண் வரிசையில் இருக்கின்றனவா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியுடனேயே வருகின்றன. இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.0/24 என்ற வரிசையையே தமக்குச் சொந்தம் என்று நினைத்தால், எந்த வழியை எழுதினாலும் பயனில்லை, ஒரு பக்கத்தின் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். 1996 இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம், தனியார் வலையமைப்புகளுக்கென 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என மூன்று பெரிய தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. அத்தனை இடம் இருக்கையில் இரு கட்டடங்கள் ஒரே எண்ணுக்காக மோதிக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது சப்நெட் மாஸ்க், அதாவது முகவரியின் எந்தப் பகுதி வலையைக் குறிக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் எண். எங்கள் தோட்டத்திலேயே ஒரு கணினியில் 255.255.255.0 என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 255.255.0.0 என்று எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால், 192.168 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் தன் சொந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருப்பதாக அந்தக் கணினி நம்பிவிடுகிறது. 192.168.1.20 என்ற முகவரியைத் தேடும்போது அது ரவுட்டரிடம் போகாமல், தன் கேபிளிலேயே குரல் கொடுத்துக் கூப்பிடுகிறது. அங்கே அந்த எண்ணில் யாரும் இல்லாததால் பதில் வருவதில்லை. விண்டோஸ் இதைத் தெளிவாகவே காட்டுகிறது. பிங் கொடுக்கும்போது கணினியின் சொந்த முகவரியில் இருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்ற பதில் வந்தால், பொதி அந்தக் கணினியை விட்டு வெளியேறவே இல்லை என்று பொருள். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தால் பொதி புறப்பட்டுவிட்டது, ஆனால் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ தொலைந்துவிட்டது என்று கொள்ளலாம். இந்த இரு செய்திகளையும் ஒன்றாக நினைத்து 'பிங் வரவில்லை' என்று மட்டும் சொல்பவர்களிடம், திரையில் இருந்த வரியை அப்படியே வாசிக்கச் சொல்லிக் கேட்பது என் வழக்கம்.

எங்கள் பழுதை வெளிப்படுத்தியது, பொதி கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் 'ட்ரேஸர்ட்' என்ற கட்டளை. அலுவலகக் கணினியில் இருந்து 192.168.2.10 என்ற முகவரிக்கு அதை ஓட்டியபோது, முதல் வரியில் 192.168.1.1 வந்தது. இரண்டாவது வரியில் 192.168.1.50 வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 100.64 என்று தொடங்கும் ஒரு முகவரி வந்து, அதன் பிறகு நட்சத்திரக் குறிகள் மட்டும் இறங்கின. 100.64.0.0/10 என்பது சேவை வழங்குநர்கள் தம் உள்வலையில் பயன்படுத்துவதற்கென 2012 இல் ஒதுக்கப்பட்ட தொகுதி. ஓடைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய பொதி, தோட்டத்தை விட்டே வெளியேறி, மலையிறங்கி, வழங்குநரின் வலைக்குள் போய் மறைந்துகொண்டிருந்தது. அலுவலக ரவுட்டரில் குறை எதுவும் இல்லை. 192.168.2.0 என்ற வரிசை எங்கே இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. தெரியாத முகவரி எதுவாயினும் இணையப் பக்கம் தள்ளிவிடுவதே அதற்கு இடப்பட்ட கட்டளை, அதை அது சரியாகவே நிறைவேற்றியது.

அப்படியானால் எதிர்த்திசையில் எப்படி வேலை செய்தது என்ற கேள்வி எழும். தோட்டத்து லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத நிலையை மலையகத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்தில் பிரிக்கப்பட்டு, பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். இரண்டாவது ரவுட்டர் செய்யும் நேட் என்ற முகவரி மாற்றமும் அப்படிப்பட்டதே. தொழிற்சாலைக்குள் இருந்து போகும் ஒவ்வொரு பொதியின் மேலும் அது தன் வெளிப்பக்க முகவரியான 192.168.1.50 ஐ எழுதி அனுப்புகிறது. பதில் வந்தால், யார் அனுப்பியதற்கான பதில் என்பதைத் தன் குறிப்பில் பார்த்து உரியவரிடம் கொடுக்கிறது. ஆனால் வெளியில் இருந்து யாரேனும் புதிதாக ஒன்றை அனுப்பினால் அதற்குரிய குறிப்பு எதுவும் அதனிடம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியுலகில் பெயரே இல்லாமல் போகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வழிகளைச் சரியாக எழுதிய பிறகும் பலரைக் குழப்புவது இதுதான். விண்டோஸ் கணினியில் உள்ளே வருவதைக் காவல் காக்கும் தீச்சுவர், வீட்டு வலை என்று குறிக்கப்பட்ட நிலையில், பிங் கேள்விகளையும் கோப்புப் பகிர்வையும் இயல்பாகத் தன் சொந்த சப்நெட்டில் இருந்து மட்டுமே ஏற்கிறது. எனவே அடுத்த சப்நெட்டில் இருந்து வரும் பொதி வழியெல்லாம் சரியாகக் கடந்து வந்து, கடைசியில் கணினியின் வாசலில் மறுக்கப்படலாம். அந்த விதியைத் திறந்து, எந்த முகவரிகளில் இருந்து ஏற்கலாம் என்ற இடத்தில் மற்றச் சப்நெட்டையும் சேர்க்க வேண்டும். தீச்சுவரை முழுவதுமாக அணைத்துவிட்டுப் போவதைப் பல இடங்களில் காண்கிறேன். சம்பளக் கணக்கு இருக்கும் கணினியில் அப்படிச் செய்யக் கூடாது.

இனி, தெரிவுகள்

முதலாவது தெரிவு, இரண்டு சப்நெட்டுகளையும் ஒன்றாக்கிவிடுவது. தொழிற்சாலை ரவுட்டரில் முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, வெளிப்பக்கத் துளையில் இருந்த கேபிளை உட்பக்கத் துளை ஒன்றில் மாட்டிவிட்டால், அது வழிகாட்டும் வேலையை விட்டுவிட்டு கேபிள்களை இணைக்கும் வெறும் சுவிட்ச் ஆகவும் வைஃபை கம்பம் ஆகவும் மாறிவிடும். பத்து நிமிட வேலை, செலவு இல்லை. எல்லாக் கணினிகளும் ஒன்றையொன்று பெயராலேயே கண்டுகொள்ளும். தொலைபேசியில் இருந்து அச்சிடும் வசதி போன்றவை அதே சப்நெட்டுக்குள் குரல் கொடுத்துத் தேடும் முறையில் இயங்குவதால், இந்த அமைப்பில் மட்டுமே அவை தொல்லையின்றி வேலை செய்கின்றன. ஹட்டன் நகரில் முன்னால் கடையும் பின்னால் களஞ்சியமும் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், வேறு யோசனையே இல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

தோட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. தொழிற்சாலையின் வைஃபை கடவுச்சொல் பலருக்குத் தெரியும், லொறி சாரதிகள் வரை அதில் இணைகிறார்கள். ஒன்றாக்கிவிட்டால் அந்தத் தொலைபேசிகள் அனைத்தும் சம்பளக் கணினி இருக்கும் அதே வலையில் வந்து அமரும். அத்துடன், தொழிற்சாலையில் யாரேனும் ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் மாட்டிவிட்டால், அந்தச் சுற்று எழுப்பும் பொதி வெள்ளம் ஓடையைக் கடந்து அலுவலகத்தையும் முடக்கும். வேறொருவர் பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால், அது தன் விருப்பப்படி முகவரிகளை வழங்கத் தொடங்கி, அலுவலகக் கணினிகளும் அதனிடம் முகவரி வாங்கிக்கொண்டு வழி தவறும். தொழிற்சாலையில் நடப்பது தொழிற்சாலையோடு நிற்க வேண்டும் என்பதற்காகவே சப்நெட்டுகள் பிரிக்கப்படுகின்றன. ஒரு பழுதைத் தீர்க்க அந்தப் பிரிவையே நீக்குவது பெரிய விலை.

இரண்டாவது தெரிவு, நேட் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, தேவையான ஒன்றிரண்டு வாசல்களை மட்டும் திறப்பது. 192.168.1.50 என்ற முகவரியின் குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்) வருபவை அனைத்தையும் 192.168.2.10 க்கு அனுப்பு என்று இரண்டாவது ரவுட்டரில் எழுதிவிடலாம். அலுவலக ரவுட்டரைத் தொடவே தேவையில்லை. வழங்குநரின் பெட்டி பூட்டப்பட்டிருக்கும் இடங்களில் இது பெரிய வசதி. கண்காணிப்புக் கமராப் பதிவுக் கருவி ஒன்றை மட்டும் அலுவலகத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் இதுவே போதும். இரண்டாவது கணினியும் அதே சேவையைக் கொடுக்க வேண்டும் என்று வரும்போது சிக்கல் தொடங்குகிறது. ஒரே போர்ட் எண்ணை இருவருக்குக் கொடுக்க இயலாது. விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445 என்ற எண்ணையே எதிர்பார்ப்பதால், அதற்கு வேறு எண்ணைக் கொடுத்துச் சமாளிப்பதும் நடைமுறையில் எளிதன்று. மேலும் அலுவலகத்துப் பதிவேட்டில் தொழிற்சாலையில் இருந்து வரும் எல்லா வேலையும் 192.168.1.50 என்ற ஒரே பெயரில் பதிவாவதால், எந்தக் கணினி எந்த நேரத்தில் எதைத் திறந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. கூலிக் கணக்கு சம்பந்தப்பட்ட இடத்தில் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது தெரிவு, பாடப்புத்தகம் சொல்லும் முறை. இரண்டாவது ரவுட்டரில் நேட்டை நிறுத்திவிட்டு, முதலாவது ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதும் நிலையான வழி, எழுத வேண்டும்: 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, போக வேண்டிய இடம் 192.168.1.50. ஒரே வரி. இதை எழுதியவுடன் பொதி மலையிறங்குவதை நிறுத்திவிட்டு ஓடையைக் கடக்கத் தொடங்கும். ஒவ்வொரு கணினிக்கும் அதன் சொந்த முகவரி கிடைக்கிறது, எதுவும் எதன் பின்னாலும் ஒளிந்திருக்கவில்லை. எண்களும் மாறுவதில்லை. அதனால் எனக்கும் முதலில் இந்த முறையே மிகவும் பிடித்திருந்தது. நாங்கள் உண்மையில் முதலில் செய்துபார்த்ததும் இதுவே. அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தெரிவின் குறைகள் எழுதி முடித்த பிறகே ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

முதலாவது ரவுட்டரில் ரூட் எழுதும் அமைப்புப் பக்கம் நம் கைக்குத் திறக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வழங்குநர்கள் கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் ரூட் எழுதும் பக்கமே இருப்பதில்லை, சிலவற்றில் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லுக்கு அது திறப்பதில்லை. எங்களுக்குத் திறந்தது. இரண்டாவது ரவுட்டரின் தீச்சுவரும் வெளிப்பக்கத்தில் இருந்து உட்பக்கம் போவதற்கு இடம் கொடுக்க வேண்டும், ஏனெனில் நேட்டை நிறுத்தினாலும் அந்தத் தடை தனியாக நிற்கிறது. அதையும் திறந்தோம். அலுவலகத்தில் இருந்து பிங் கொடுத்தோம், பதில் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு எழுதுவினைஞர் பகிர்வுக் கோப்புறையைத் திறந்தார், அது திறக்கவில்லை. பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, பாதியில் நின்று, பிழைச் செய்தியோடு மூடிக்கொண்டது.

பிங் வருகிறது, கோப்புறை திறக்கவில்லை. இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, பொதி போகும் பாதையையும் திரும்பும் பாதையையும் தனித்தனியே வரைந்து பார்க்க வேண்டும். அலுவலகக் கணினி தன் பொதியைத் தன் நுழைவாயிலான 192.168.1.1 இடம் கொடுக்கிறது. அந்த ரவுட்டர் அதை 192.168.1.50 இடம் தள்ளிவிடுகிறது, அது தொழிற்சாலைக்குள் போய்ச் சேர்கிறது. பதில் திரும்பும்போது, தொழிற்சாலை ரவுட்டரின் வெளிப்பக்கமும் அலுவலகக் கணினியும் ஒரே சப்நெட்டில் இருப்பதால், அது 192.168.1.1 ஐக் கேட்காமல் நேரே கணினியிடம் கொடுத்துவிடுகிறது. போகும்போது வாசல் வழியாகவும், திரும்பும்போது கொல்லைப்புறமாகவும் நடக்கிறது. பிங்குக்கு இது பொருட்டல்ல, ஒவ்வொரு கேள்வியும் தன்னளவில் முழுமையானது. ஆனால் கோப்புப் பகிர்வு, இரு பக்கமும் முதலில் தொடர்பை உறுதிசெய்துகொள்ளும் டிசிபி முறையில் மூன்று படிகளில் கைகுலுக்கித் தொடங்குகிறது. அலுவலக ரவுட்டரின் தீச்சுவர் முதல் படியைப் பார்க்கிறது, இரண்டாம் படி அதன் வழியாக வராததால் அதைப் பார்ப்பதில்லை, மூன்றாம் படி வரும்போது, இடையில் ஒன்று விடுபட்டிருக்கிறதே என்று ஐயப்பட்டு அதை வீசிவிடுகிறது. ரவுட்டரின் பார்வையில் அது செய்தது சரியே.

இதற்குத் தீர்வுகள் உண்டு. ரவுட்டர்கள் இரண்டுக்கும் இடையில் மட்டும் பயன்படும் தனிச் சிறு சப்நெட் ஒன்றை, உதாரணமாக 192.168.9.0/30 என்பதை, அமைத்துவிட்டால் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாகிவிடும். ஆனால் அதற்கு முதலாவது ரவுட்டர் தன் துளைகளில் ஒன்றைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், வழங்குநரின் பெட்டியில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. அலுவலகக் கணினி ஒவ்வொன்றிலும் 'ரூட்' கட்டளையால் நிரந்தர வழி ஒன்றை எழுதிவிடலாம். மூன்று கணினிகள் என்றால் செய்யலாம், முப்பது என்றால் முடியாது, அடுத்த வருடம் புதிதாக வாங்கும் கணினியில் அதை எழுத யாருக்கும் நினைவிருக்காது. டிஎச்சிபியின் 121 ஆம் ஆப்ஷனின் மூலம் எல்லாக் கணினிகளுக்கும் அந்த வழியைத் தானாகவே வழங்கலாம். அதற்கும் அந்த வசதி உள்ள ரவுட்டர் வேண்டும்.

எங்களை இறுதியாக இந்தத் தெரிவில் இருந்து விலகச் செய்தது மின்வெட்டு. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லை என்றாலும், தோட்டப் பகுதியில் காற்றடித்தால் மரம் விழுந்து மின்சாரம் போவது வழமையான செய்தி. ஒரு மாலை மின்சாரம் போய்த் திரும்பியபோது, இரண்டாவது ரவுட்டர் முதலாவதிடம் புதிதாக முகவரி கேட்டு 192.168.1.53 ஐ வாங்கிக்கொண்டது. எழுதி வைத்த வழி 192.168.1.50 ஐயே காட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை எல்லாம் நின்றுபோயிருந்தது. அந்த முகவரியை நிரந்தரமாக எழுதி வைக்காதது என் தவறு. ஸ்டாட்டிக் ரூட் எழுதுபவர் யாராயினும், அது சுட்டும் முகவரியைக் கையால் எழுதி உறுதிப்படுத்திய பிறகே வழியை எழுத வேண்டும். ஆனால் அதைத் திருத்திய பிறகும் ஒரு கவலை இருந்தது. இடிமின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வழங்குநரின் பெட்டி எரிந்து, அவர்களுடைய ஆள் வந்து புதியதை மாட்டிவிட்டுப் போனால், நாம் எழுதிய அந்த ஒரு வரி அதோடு போய்விடும். அது இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

நான்காவது தெரிவு, நடுவில் நமக்குச் சொந்தமான ரவுட்டர் ஒன்றை வைத்து, எல்லாச் சப்நெட்டுகளையும் அதிலேயே கட்டுவது. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மைக்ரோடிக் நிறுவனத்தின் ஐந்து துளைச் சிறு ரவுட்டர்களில் ஒன்றோ, ஓப்பன்டபிள்யுஆர்டி மென்பொருள் ஏற்கக்கூடிய வேறொரு ரவுட்டரோ போதும். ஒவ்வொரு துளையையும் ஒரு தனிச் சப்நெட் ஆக்கலாம் என்பதே இதில் முக்கியம். ஒரு துளையில் வழங்குநரின் பெட்டி, ஒரு துளையில் அலுவலகச் சுவிட்ச், ஒரு துளையில் ஓடையைக் கடக்கும் இணைப்பு. இரண்டு சப்நெட்டுகளும் தன்னுடன் நேரடியாக இணைந்திருப்பதால், அவற்றுக்கு வழி என்ன என்பதை அந்த ரவுட்டருக்கு யாரும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, முகவரியை இட்டவுடனேயே அது தன் அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறது. போவதும் வருவதும் ஒரே பெட்டி வழியாகவே நடக்கும். யார் யாரிடம் போகலாம் என்ற விதியை ஒரே இடத்தில் எழுதலாம்: அலுவலகக் கணினிகள் நிறுக்கும் கணினிக்குப் போகலாம், நிறுக்கும் கணினி சம்பளக் கணினியின் கோப்புறைக்கு வரலாம், தொழிற்சாலையின் மற்றக் கருவிகள் எதுவும் அலுவலகத்துக்குள் வர வேண்டாம்.

இந்தத் தெரிவுக்கும் விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வழங்குநரின் பெட்டி 192.168.1.1 இலேயே இருக்கட்டும் என்று விட்டால், அலுவலகத்துக்குப் புதிய எண் வரிசை கொடுக்க வேண்டும். முகவரி தானாகப் பெறும் கணினிகளுக்கு இது ஒரு மறுதொடக்கம் மட்டுமே. ஆனால் முகவரி கையால் எழுதப்பட்ட அச்சு இயந்திரமும் கமராப் பதிவுக் கருவியும் இருந்தால், அவற்றிடம் ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டும். எங்களுக்கு அரை நாள் அதில் போனது. இணையத்துக்குப் போகும் பொதிகள் இரண்டு முறை நேட் செய்யப்படும், ஆனால் உலாவுவதற்கும் மின்னஞ்சலுக்கும் அதனால் ஒரு குறையும் நேர்ந்ததில்லை. வழங்குநரின் பெட்டியை, வழிகாட்டாமல் பொதிகளைக் கடத்திவிட மட்டும் செய்யும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி அதையும் தவிர்க்கலாம் என்பார்கள். அதே பெட்டியில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் இணைந்திருந்தால் அவை நின்றுபோக வாய்ப்புண்டு என்பதால் நான் அதைத் தொடவில்லை. எல்லாம் ஒரே ரவுட்டரை நம்பியிருப்பது மற்றொரு குறை. அது நின்றால் இரு பக்கமும் நிற்கும். அதற்குச் சிறு யுபிஎஸ் ஒன்றும், அமைப்பின் பிரதி ஒன்றும் வைத்திருப்பது கட்டாயம்.

தொழிற்சாலையில் ஓர் அறையில் அலுவலகத்துக்குரிய கணினியும், பக்கத்து அறையில் தொழிற்சாலைக்குரிய கணினியும் இருக்க, இரண்டும் அந்த ஒரே இணைப்பின் வழியாகத் தத்தம் சப்நெட்டுக்குப் போக வேண்டும் என்றால் மட்டுமே வீலான் தேவைப்படும். 802.1கியூ என்ற முறையில் ஒவ்வொரு பொதியின் மேலும் ஒரு எண் ஒட்டப்பட்டு, ஒரே கேபிளில் பல வலைகள் கலக்காமல் போகின்றன. அதற்கு இரு பக்கமும் எண்ணை அறியும் சுவிட்சுகள் வேண்டும், ஒரு துளையில் எண் மாறிவிட்டால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரும் அருகில் வேண்டும். அந்தத் தேவை இல்லாத இடத்தில் அதைப் புகுத்த நான் விரும்பவில்லை.

ரவுட்டர்கள் தாமே ஒன்றுக்கொன்று வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் போன்ற முறைகளை இரண்டு சப்நெட்டுக்குப் பயன்படுத்துவது வீண். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, தொழிற்சாலை, பங்களா, வைத்திய நிலையம் என ஐந்தாறு இடங்களும், அவற்றுக்கிடையே ஒன்று அறுந்தால் மற்றொன்று வழியாகப் போகக்கூடிய மாற்று இணைப்புகளும் இருந்தால், அப்போது அதை எண்ணிப் பார்க்கலாம்.

நாங்கள் நான்காவதைத் தெரிவு செய்தோம். அலுவலகம் 192.168.10.0/24 ஆகவும் தொழிற்சாலை 192.168.20.0/24 ஆகவும் மாறின. தொழிற்சாலையில் இருந்த பழைய ரவுட்டரை வீசவில்லை, முதல் தெரிவில் சொன்னபடி அதன் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை உட்பக்கத் துளைக்கு மாற்றி, வெறும் வைஃபை கம்பமாக வைத்துக்கொண்டோம். வழங்குநரின் பெட்டியில் உள்ள வைஃபையை அலுவலகத்துக்கு வருபவர்களுக்காக விட்டுவைத்தோம். அது நம் ரவுட்டருக்கு வெளியே இருப்பதால், அதில் இணைபவர்கள் இணையத்துக்குப் போகலாம், உள்ளே வர முடியாது. சாரதிகளுக்கும் தொழிற்சாலை வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இதையே கொடுத்தோம். எண்களையும், எந்தத் துளையில் எது மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி, ரவுட்டர் இருக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினோம். நான் இல்லாத நாளில் வருபவருக்கு அது வேண்டும்.

வேலை முடிந்ததும் சரிபார்ப்பதற்காகப் பிரதான மின் சுவிட்சையே அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். திரும்பப் போட்டபோது பெட்டிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அலுவலகக் கணினியில் 'ட்ரேஸர்ட்' ஓட்டியபோது இரண்டே வரிகள் வந்தன: 192.168.10.1, அதன் கீழே 192.168.20.10. தொழிற்சாலைப் பக்கம் போய் அங்கிருந்தும் ஓட்டிப் பார்த்தேன், அங்கும் இரண்டே வரிகள். எழுதுவினைஞர் கோப்புறையைத் திறந்து, அன்று காலை நிறுத்த கொழுந்துக் கணக்கை மேலிருந்து கீழாக வாசித்தார். டீமேக்கர் ஐயா தொலைபேசியின் மறுமுனையில் தன் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் "சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.